அக்காவுக்கு மட்டும் சொன்னது

குழாய் பதிப்பது, பம்பு ஓட்டுவது, குளோரின் அளப்பது பற்றியெல்லாம், புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் எழுதப்போவதில்லை. அதை என்னைவிட நன்றாகச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது ஒரு போன் அழைப்பைப் பற்றி. அதில் பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது.

ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டு, கேசரியும் போண்டாவும் கொடுத்து, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஒரு கறை இல்லாத சேவை என்று எனக்கு முன்னால் பேசியவர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் நல்லவர். என் சேவைப் புத்தகத்தைப் பார்த்திருக்கமாட்டார். நான் எழுந்து நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் லிங்கராஜபுரத்தை ஒட்டிய ஒரு குடிநீர் வாரியத் துணைக் கோட்டத்தில் நான் உதவிப் பொறியாளராக இருந்தேன். அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கிடையாது என்பதால் காலையில் இருந்து மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். ஊருக்குத் தண்ணீர் விடுகிறவள் தாகத்தோடு உட்கார்ந்திருப்பாள் என்று நானே என்னைக் கேலி செய்துகொள்வேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் இதே ஊரில், ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவள். கன்னடம் எனக்குத் தமிழைப் போலவே வரும். ஆனாலும் தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது, எங்கள் வீட்டு வாசலில் தமிழில் எழுதியிருந்த பெயர்ப்பலகையை அப்பா தானே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். எங்களை யாரும் எதுவும் செய்யவில்லை. எதிர்வீட்டு கௌடா குடும்பம் இரண்டு நாள் தங்கள் வீட்டிலேயே எங்களை வைத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பயம் உடம்புக்குள் போய்விட்டது. தண்ணீர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தமிழச்சி தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்ப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் வாரம் என் தலைக்குள் என்னவெல்லாம் இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஏப்ரல் மாதம். எங்கள் பகுதிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் மூன்று மணி நேரம் தண்ணீர் விடுவோம். செவ்வாய்க்கிழமை விட்டுவிட்டு வால்வை மூடிய பிறகு, வால்வ்மேன் கெம்பண்ணா நேராக என் மேஜைக்கு வந்தார். ஐம்பது வயதுக்காரர். மாகடி பக்கத்துக்காரர். என்னோடு பேசும்போது மட்டும் கன்னடத்தோடு கொஞ்சம் தமிழைக் கலந்து பேசுவார். அது அவர் எனக்குக் காட்டிய மரியாதை. கையில் ஒரு பழைய சர்பத் பாட்டில் வைத்திருந்தார்.

"மேடம், மூணு தெருல வாசனே பர்த்தா இதே, வாடை வருது. கடைசி அரை மணி நேரம். நானே ஒரு வீட்டுல பிடிச்சேன். மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். பெரிய நாற்றம் இல்லை. மழை நாளில் சாக்கடை மூடியின் பக்கமாக நடந்துபோனால் வருமே, அந்த மாதிரி ஒரு லேசான வாடை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நிறம் சரியாகத்தான் இருந்தது.

"ஆரம்பத் தண்ணில வந்தா பரவால்ல மேடம். துரு, மண்ணு, போயிடும். இது கடைசில வந்தது," என்றார் அவர்.

அதன் அர்த்தம் இருவருக்கும் தெரியும். தண்ணீர் நின்று குழாய் வெறுமையாகும்போது, எங்காவது விரிசல் இருந்தால், பக்கத்தில் ஓடும் சாக்கடையை அது உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். கடைசி அரை மணி நேரத்தில் வாடை வந்தால் அழுத்தம் குறையும்போதே உள்ளே இறங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இனி அடுத்த முறை திறக்கும் வரை இரண்டு நாள் அந்தக் குழாய் சும்மா கிடக்கும்.

அன்றே முறைப்படி சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள். அடுத்த முறை தண்ணீர் விட வேண்டியது வியாழக்கிழமை காலை.

சந்தேகம் இருந்தாலே வால்வை மூடிவைக்க எனக்கு அதிகாரம் உண்டு. யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அது எழுத்தில் இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் நான் புதன்கிழமை மதியம் பாட்டிலை எடுத்துக்கொண்டு செயற்பொறியாளரிடம் போனேன். பெயர் வேண்டாம். அவரிடம்தான் நான் தொழில் கற்றுக்கொண்டேன். பெண் என்று என்னை ஆபீஸ் வேலையில் உட்காரவைக்காமல், பள்ளத்தில் இறங்க வைத்தவர் அவர். அவர் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன், பேசியது கன்னடத்தில்.

பாட்டிலை முகர்ந்து பார்த்தார். மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ரிப்போர்ட் வரட்டும் ரெஜினா."

"நாளைக்கு ஒருநாள் மட்டும் நிறுத்திடலாமா சார்? டேங்கர் அனுப்பலாம்."

"ஏப்ரல்ல டேங்கர் எங்க இருக்கு? இருக்கறதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் ஹாஸ்டலுக்கும் போயிட்டிருக்கு. நாளைக்கு நிறுத்தினா அடுத்து சனிக்கிழமை. மொத்தம் நாலு நாள் அந்தத் தெருவில் தண்ணி இருக்காது. குடத்தோட ரோட்ல வந்து உட்காருவாங்க. வார்டு கார்ப்பரேட்டர் வருவார், பேப்பர்காரன் வருவான். யார் நிறுத்தினதுன்னு கேட்பான்." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நீங்க தமிழ். காவேரித் தண்ணிய ஒரு தமிழ் இன்ஜினியர் நிறுத்திட்டாங்கன்னு எழுதினா, உங்களைக் காப்பாத்த என்னால முடியாது. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

அவர் என்னை மிரட்டவில்லை. உண்மையிலேயே என் நல்லதுக்குத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அது அவ்வளவு எளிதாக இருந்தது. ஒரு கெட்ட மனிதர் அதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை எதிர்த்திருப்பேன்.

திரும்பி வந்தேன். என் மேஜையில் உட்கார்ந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது என் அக்கா.

என் அக்கா ஃப்ளோரா அந்த மூன்று தெருக்களில் ஒன்றில் குடியிருந்தாள். ஒரு நர்சரி பள்ளியில் ஆயா வேலை. அத்தான் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. வரிசை வீடுகளில் ஒன்று அவளுடையது. ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் செல்வி என்ற பெண். தருமபுரிக்காரி, இருபத்தாறு வயதிருக்கும். கணவன் கோவிந்தன் ஆட்டோ ஓட்டினான். இரண்டு பிள்ளைகள். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். தண்ணீர் வரும் நேரத்தில் அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள் என்பதால், அக்கா வீட்டு டிரம்மையும் செல்விதான் ரொப்புவாள். வரிசைக்கே ஒரு குழாய்தான். அவள் வீட்டுக்கு ரொப்பிய கையோடு ஹோஸைப் பின்பக்கக் குட்டைச்சுவருக்கு மேலே போட்டு அக்காவின் டிரம்மிலும் விட்டுவிடுவாள்.

அக்கா வீட்டில் போன் கிடையாது. தெருமுனை மளிகைக்கடையின் நம்பரைத்தான் எல்லாரும் வைத்திருந்தோம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆபீஸ் போனில் அழைத்தேன். கடைக்காரர் ஆளனுப்பினார். போனை எடுத்தது செல்வி.

"சின்னக்கா, நான் செல்வி. பெரியக்கா குளிக்கிறாங்க. எதனா சொல்லணுமா? நான் சொல்லிடறேன்."

ஓடி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். அவளே கேட்டாள், எதனா சொல்லணுமா என்று. நான் சொன்னது இது:

"ஒண்ணுமில்ல செல்வி. அக்கா வரட்டும். நான் லைன்லயே இருக்கேன்."

"சரிக்கா. இருங்க, கூட்டியாரேன்."

ரிசீவரைக் கடை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டார்கள். பிறகு அக்கா வந்தாள்.

"என்னடி, என்ன ஆச்சு?"

"அக்கா, பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

"இல்ல, செல்வி வீட்டுக்குப் போயிட்டா, கடைக்காரர் பருப்பு நிறுக்கறாரு. சொல்லு."

"நாளைக்கு வர்ற தண்ணிய அப்படியே குடிக்காத. நல்லா கொதிக்க வெச்சுக் குடி. பல்லு தேய்க்கக்கூட காய்ச்சின தண்ணிதான். ரெண்டு மூணு நாளைக்கு."

"ஏன், என்ன கலந்திருக்கு?"

"ஒண்ணும் உறுதியா தெரியாது. சந்தேகம்தான். யார்கிட்டயும் சொல்லாதக்கா. நான் சொன்னேன்னு தெரிஞ்சா என் வேலைக்கு ஆபத்து. தெருவே பீதியாயிடும்."

"சரி," என்றாள் அக்கா. அவள் சின்ன வயதிலிருந்தே என் பேச்சைக் கேட்கிறவள். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைப்பாள்.

வியாழக்கிழமை காலை கெம்பண்ணா வால்வுக்குப் பக்கத்தில் எனக்காகக் காத்திருந்தார். கையில் வால்வைத் திருப்பும் சாவிக்கம்பி.

"மேடம், திறக்கட்டா, வேணாமா?"

"திறங்க."

அவர் உடனே திறக்கவில்லை. இன்னொரு தடவை என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து கம்பியை மாட்டித் திருப்பினார். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் காலுக்கடியில் கேட்டது. நான் நகர்ந்து வந்துவிட்டேன்.

அன்று காலை அக்கா வீட்டில் நடந்ததை அக்காவே பிறகு என்னிடம் சொன்னாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். செல்வி வழக்கம்போல ஹோஸைச் சுவருக்கு மேல் போட்டு அக்காவின் டிரம்மை ரொப்பினாள். அக்கா அதிலிருந்து ஒரு பாத்திரத்தில் மொண்டு ஸ்டவ்வில் வைத்தாள். செல்வி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா வெயில் காலத்துல சுடுதண்ணி?" என்று கேட்டாள்.

"தொண்டை சரியில்லம்மா," என்று அக்கா சொன்னாள்.

"மிளகு போட்டுக் குடிங்க," என்று சொல்லிவிட்டு, செல்வி தன் வீட்டுக் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு அங்கேயே நின்று குடித்தாள். காலையிலிருந்து குடம் தூக்கிய களைப்பு.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அந்தத் தெருக்களில் வாந்தியும் பேதியும் ஆரம்பித்திருந்தது. இனி திறக்கக் கூடாது என்று பத்து மணிக்குள் நாங்கள் வால்வுக்குச் சீல் வைத்தோம். ஆட்டோவில் மைக் கட்டி, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள் என்று தெருத்தெருவாகச் சொன்னோம். புதன்கிழமை கிடைக்காத டேங்கர்கள் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வந்து நின்றன. லேப் ரிப்போர்ட் பிற்பகல் மூன்று மணிக்கு என் மேஜைக்கு வந்தது. மலக்கிருமி என்று இருந்தது. குடிக்கத் தகுதியற்றது. அந்தத் தாளை ஃபைலில் வைப்பதைத் தவிர அதை வைத்துச் செய்வதற்கு அப்போது எதுவும் இருக்கவில்லை.

செல்விக்கு வெள்ளிக்கிழமை அதிகாலையிலேயே ஆரம்பித்துவிட்டது. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, ஓமத்தண்ணீர் போட்டுக் குடித்திருக்கிறாள். அதே தண்ணீரில். மதியம் கண்கள் குழி விழுந்துவிட்டன. கோவிந்தன் தன் ஆட்டோவிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். அக்கா பின்சீட்டில் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனாள். அரசு மருத்துவமனையில் கட்டில் இல்லை. தாழ்வாரத்தில் பாய் விரித்து, ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டிலைக் கட்டியிருந்தார்கள். சனிக்கிழமை பிற்பகல் செல்வி இறந்தாள். பிள்ளைகள் இருவரும் கோடை விடுமுறைக்குத் தருமபுரிக்குப் போயிருந்ததால் பிழைத்தார்கள். கோவிந்தன் ஆட்டோ ஸ்டாண்டில் டீ குடித்தே நாளைக் கழிப்பவன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் ஒருத்தி மட்டும் இல்லை. மொத்தம் எத்தனை பேர் என்பது ஃபைலில் இருக்கிறது. நான் இங்கே எழுதவில்லை. எண்ணாகச் சொன்னால் உங்களுக்கு அது எண்ணாகத்தான் போய்ச்சேரும்.

ஞாயிற்றுக்கிழமை தோண்டினோம். ஒரு வீட்டு இணைப்புக்குப் போகும் துருப்பிடித்த குழாய், சாக்கடைக் குழாயின் மேலேயே படுத்திருந்தது. இரண்டுமே அரித்துப்போயிருந்தன. ஓட்டை என் சுண்டுவிரல் போகும் அளவுதான். மாற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

விசாரணை வைத்தார்கள். செயற்பொறியாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். புகார் வந்ததும் சாம்பிள் எடுக்கப்பட்டது, ரிப்போர்ட் வரும் முன் மாசு இருப்பதற்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை, களப்பணியாளர் வாடை பற்றித் தெளிவாகத் தெரிவிக்கவில்லை என்று அதில் இருந்தது.

"கெம்பண்ணா தெளிவாத்தான் சொன்னார் சார்," என்றேன்.

"எழுத்துல கொடுத்தாரா?"

"இல்ல."

"அப்ப சொல்லல."

கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாளில் கெம்பண்ணாவை சஸ்பெண்ட் செய்தார்கள். கடமை தவறினார் என்று ஆணை. அவர் ஆபீசுக்கு வந்து சாவிக்கம்பியை ஒப்படைத்தார். என் மேஜையைக் கடந்துதான் போக வேண்டும். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "பர்த்தீனி மேடம்" என்று எப்போதும் சொல்வதைப்போலச் சொல்லிவிட்டுப் போனார். வருகிறேன் என்று அர்த்தம். வாசலைத் தாண்டும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வருடம் ஒரே வேலை பார்த்தவர்.

அதன்பின் மூன்று நாள் நான் தூங்கியதாக நினைவில்லை. நாலாவது நாள் கைப்பட இரண்டாவது வாக்குமூலம் எழுதினேன். கெம்பண்ணா செவ்வாய்க்கிழமையே பாட்டிலோடு வந்தார். வியாழக்கிழமை திறக்கட்டுமா என்று கேட்டார். திறக்கச் சொன்னது நான். மூட எனக்கு அதிகாரம் இருந்தது. அதோடு இன்னொரு வரியும் எழுதினேன்: "தண்ணீர் கெட்டிருக்கலாம் என்று எனக்கு எவ்வளவு சந்தேகம் இருந்தது என்றால், புதன்கிழமை மாலையே அதே பகுதியில் வசிக்கும் என் சகோதரியிடம் குடிக்க வேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னேன்."

செயற்பொறியாளர் அதைப் படித்துவிட்டு, தாளின் அடியில் விரலை வைத்தார். "இந்தக் கடைசி வரி எதுக்கு?" என்றார். "இதை யாரும் உங்களைக் கேட்கலையே."

"கேட்கல சார். ஆனா அதுதான் உண்மை."

கெம்பண்ணாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எனக்கு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். பதவி உயர்வு பல வருடம் தள்ளிப்போனது. அது சரியான தண்டனை; குறைவு என்றுகூட நினைத்ததுண்டு. உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி தூங்கலாம் என்று இருந்தேன். அதுதான் நான் செய்த அடுத்த தவறு. உண்மை என்பது எழுதியவளோடு நின்றுவிடாது என்பதை நான் யோசிக்கவில்லை.

பாதிக்கப்பட்ட குடும்பங்கள் ஒரு வக்கீல் மூலம் ஃபைலின் நகலை வாங்கின. அந்த வரியைத் தெருவே படித்தது. ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் கோவிந்தன் என் அலுவலகத்துக்கு வந்தான். காக்கிச் சட்டை, கழுத்தில் கைக்குட்டை. சத்தம் போடுவான் என்று நினைத்து பியூன் பக்கத்தில் வந்து நின்றான். கோவிந்தன் சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை.

"நீங்கதான் எழுதினீங்களா மேடம், உங்க அக்காவுக்குச் சொன்னேன்னு?"

"ஆமா."

"அன்னிக்கு சாயந்தரம்தானே?"

"ஆமா."

"அந்தப் போனை யாரு எடுத்தது?"

மேஜையில் திறந்திருந்த ஃபைலை மூடினேன்.

"என் பொண்டாட்டி எடுத்தா. அன்னிக்கு வூட்டுக்கு வந்ததும் சொன்னா. சின்னக்கா போன் பண்ணாங்க, நான்தான் ஓடிப்போயி பெரியக்காவ கூட்டியாந்தேன்னு. ஏன்டி ஓடினன்னு கேட்டேன். அவங்க காத்துனு இருப்பாங்கல்லன்னா." மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். "அத மட்டும் ஏன் மேடம் நீங்க எழுதல?"

பியூன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எழுதணும்னு தோணல," என்றேன். அது பொய். எழுதும்போது தோன்றியது. கை போகவில்லை. அக்காவிடம் சொன்னேன் என்று எழுதினால் நான் உண்மை பேசுகிற அதிகாரி. செல்வியிடம் சொல்லவில்லை என்று எழுதினால் நான் யார்?

கோவிந்தன் மேஜையிலிருந்து கையை எடுத்தான். "ஒரு வார்த்தை மேடம். 'குடிக்காத செல்வி'ன்னு. அவ்ளோதானே," என்றான். பிறகு போய்விட்டான். வெளியே ஆட்டோ உடனே கிளம்பவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது ஹாண்டில்பாரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான்.

அக்காவைத் தெருவில் யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சர்ச்சில் அவள் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. செல்வியின் பிள்ளைகளைத் தருமபுரியிலிருந்து கூட்டி வந்தபோது அக்கா சோறு கொண்டு போனாள். கோவிந்தனின் தாய் கதவைத் திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் அக்கா வீட்டைக் காலி செய்துகொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். போவதற்கு முன்பு ஆஸ்டின் டவுனுக்கு வந்து, அப்பாவின் முன்னால் என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாதன்னு நீதானடி சொன்ன?"

"ஆமாக்கா."

"நீ சொன்னன்னுதானே வாய மூடினு இருந்தேன். அவ என் கண்ணு முன்னால சொம்புல குடிச்சா. தொண்டை சரியில்லன்னு பொய் சொன்னேன். என் வாழ்க்கைல நான் சொன்ன பொய்ங்கள கைவிரல்ல எண்ணிடலாம். அத நீ எழுதி ஊருக்கே குடுத்துட்ட. எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. என் மனச்சாட்சியைக் கழுவிக்கொள்ளும் அவசரத்தில் அவளை மறந்துவிட்டேன். வாக்குமூலம் எழுதியது தவறு என்று சொல்லவில்லை. கெம்பண்ணாவுக்காக அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் முதலில் ஓசை இல்லாமல் அக்காவிடம் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு கோவிந்தனின் வீட்டுக்குப் போய் நானே என் வாயால் சொல்லியிருக்க வேண்டும். அவன் நகல் எடுத்துப் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டிருக்கக் கூடாது. அக்கா இறக்கும்வரை என்னோடு பேசினாள். கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் அனுப்புவாள். ஆனால் நான் சொல்லும் எதையும் அதன்பின் அவள் அப்படியே நம்பியதில்லை. மருந்துச் சீட்டைக்கூட இன்னொருவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வாள்.

இதையெல்லாம் எழுதுவது என்னைப் பார்த்து நீங்கள் பரிதாபப்பட அல்ல. உங்கள் மேஜைக்கும் ஒருநாள் ஒரு பாட்டில் வரும். ரிப்போர்ட் வந்திருக்காது. மேலே இருப்பவர் உங்கள் நல்லதுக்கே ஒன்றைச் சொல்வார். நீங்கள் எந்த ஊர், எந்த மொழி, எந்த சாதி என்பது உங்களுக்கே திடீரென்று நினைவுக்கு வரும். அந்த நேரத்தில் உங்கள் கை எந்த நம்பரைச் சுழற்றுகிறது என்று மட்டும் பாருங்கள். வீட்டுக்குச் சொல்லும் அளவுக்கு உங்களுக்குத் தெரிந்திருந்தால், வால்வை மூடும் அளவுக்கும் தெரிந்திருக்கிறது. அதற்கு மேல் ரிப்போர்ட் எதுவும் வேண்டாம்.

இதைக் கற்றுக்கொண்டதால் பிறகு எல்லாம் சரியாகச் செய்தேன் என்றும் நினைத்துவிடாதீர்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு, நகரத்தின் வேறொரு பகுதியில் எனக்குப் பொறுப்பு. ஒருநாள் காலை ஒரு தெருவிலிருந்து வாடை என்று புகார் வந்தது. நானே போய் ஒரு குவளை பிடித்து முகர்ந்தேன். லேசாக ஏதோ இருந்தது. அந்த நிமிடமே மூடச் சொன்னேன். மைக் கட்டிய ஆட்டோவை அனுப்பினேன். ரிப்போர்ட் மூன்றாம் நாள் வந்தது. தண்ணீர் சுத்தம். வாடை வந்தது வால்வுக் குழிக்குள் செத்துக் கிடந்த பெருச்சாளியிலிருந்து. நான் எங்கே நின்று முகர்ந்தேனோ அதற்கு நாலடி தள்ளி. எனக்கு மெமோ வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த பையன்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னைப் பெருச்சாளி மேடம் என்று கூப்பிட்டதும் எனக்குத் தெரியும்.

நான் மூடிய அன்று அந்தத் தெருவில் ஒரு வீட்டில் கல்யாணம். வாசலில் வாழை மரம் கட்டி, பந்தலுக்கு அடியில் அடுப்பு மூட்டி, அண்டாக்களை வரிசையாக வைத்திருந்தார்கள். டேங்கர் வர மதியம் ஆகும் என்று சொன்னேன். பெண்ணின் அம்மா பட்டுப்புடவையோடு தெருவுக்கே வந்துவிட்டார். தலையில் கனகாம்பரம், கையில் காலிக் குடம்.

"என் பொண்ணு கல்யாணத்தன்னிக்குப் பார்த்து தண்ணிய நிறுத்தறியே, நீ ஒரு பொம்பளையா? இருநூறு பேரு வந்து உட்காந்திருக்காங்க. இந்தத் தண்ணியத்தான் நேத்து வரைக்கும் குடிச்சோம், நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

கெட்டிருக்கலாம் அம்மா, உறுதி இல்லை, ஆனால் கெட்டிருக்கலாம் என்றேன். குடத்தை ரோட்டில் போட்டு உடைப்பதுபோல ஓங்கினார். நல்ல வேளையாக அது பித்தளை. கூட்டம் கூடியது. கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் திட்டினார்கள். யாரோ ஒருவர் என் பெயரைக் கேட்டு, "ஓ, தமிழா" என்றார். நான் வந்த காரின் கண்ணாடியில் மண்ணாங்கட்டி வந்து விழுந்தது. டிரைவர், "மேடம், ஏறுங்க, போயிடலாம்" என்று கெஞ்சினார்.

நான் ஏறவில்லை. மதியம் டேங்கர் வரும்வரை அந்தத் தெருவிலேயே நின்றேன். அந்த அம்மாள் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே, ஒவ்வொரு தடவை என்னைக் கடக்கும்போதும் திட்டினார். குரல் கம்மிப்போன பிறகும் திட்டினார். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். திட்டுவதற்கு அவர் உயிரோடு இருந்தார்.